சனி, ஞாயிறு பூஜ்யம்

சரியாக நான்கு மணிக்கு வாட்ச்மேன் கபாலி அண்ணன் மாடிக்கு வருவார். ஒரு கையில் சாவிக் கொத்து, மறு கையில் ஃபோன். முதல் மாடிக் கழிப்பறைக் கதவை இழுத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் பித்தளைப் பூட்டை மாட்டுவார். அந்தச் சத்தம் எங்கள் வகுப்பு வரை கேட்கும். எங்களுக்கு அப்போதுதான் மூன்றாவது பீரியட் ஆரம்பித்திருக்கும்.

எங்களுக்கு என்றால் ஷிஃப்ட் டூவுக்கு. மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் மகளிர் கல்லூரியில் காலையில் வருகிறவர்கள் ஷிஃப்ட் ஒன். அவர்கள் ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் போன பிறகு, அதே பெஞ்சில் நாங்கள் வந்து உட்கார்ந்து ஆறரை வரை படிப்போம். அதே கட்டடம், அதே பாடம். கட்டணம் மட்டும் எங்களுக்குப் பல மடங்கு. ஆனால் துப்புரவுப் பணியாளர்களின் ஒப்பந்தம் நான்கு மணியோடு முடிந்துவிடுகிறது. ஆள் இல்லாமல் திறந்து போட்டால் அசுத்தமாகிவிடும் என்று பூட்டு. நான்கிலிருந்து ஆறரை வரை நானூறு பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆசிரியர்களுக்கு உண்டு. பிரின்சிபால் அறைக்குள்ளேயே ஒன்று உண்டு.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில் எல்லோரிடமும் இருக்கும். நாக்கை நனைத்துவிட்டு மூடிவிடுவோம். முடியாதவர்கள் எதிர்ச் சாரியில் இருக்கும் ஓட்டலுக்கு ஓடுவார்கள். அங்கே சும்மா போக முடியாது, ஒரு காபி வாங்க வேண்டும். காபி குடித்தால் ஐந்தரைக்கு மறுபடியும் அவசரம் வரும். மறுபடியும் ஒரு காபி.

நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பவள். மந்தைவெளி ரயில் நிலையத்து மாடிப் படியில் உட்கார்ந்து, எங்கேயோ பனிக்காட்டில் முந்நூறு பக்கத்துக்கு நடந்து போகிறவர்களோடு நானும் நடப்பேன். அந்த நாவல்களில் பட்டினி கிடக்கிறார்கள், காதலிக்கிறார்கள், சிறைக்குப் போகிறார்கள். ஒருத்திகூட எங்கே ஒதுங்குவது என்று தவித்து நான் படித்ததில்லை. முன்பெல்லாம் அது எனக்குத் தோன்றியதே கிடையாது. ஹானிக்கு உடம்புக்கு வந்த பிறகு, எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் முதலில் தோன்றியது.

உம்மே ஹானி என் பக்கத்து பெஞ்சு. போன நவம்பரில் சிறுநீரகத்தில் தொற்று வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு பேப்பர் எழுத முடியவில்லை. டாக்டரம்மா அவளிடம், "காலேஜ்ல தண்ணியே குடிக்க மாட்டியா? அவ்ளோ படிப்பா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கையில் ஊசியோடு சிரித்தாள்.

"இனிமே நான் காலேஜுக்கு வரலை ரூஹி. வீட்டுல சொல்லிட்டாங்க."

"வா. அடுத்த செமஸ்டருக்குள்ள அந்தக் கதவைத் திறந்து வைக்கறேன்."

"சாவியைத் திருடப் போறியா?"

"சத்தியமாத் திறந்து வைக்கறேன்டி."

சத்தியம் செய்வது எளிது. மனு கொடுத்தேன். நிதி இல்லை என்றார்கள். இன்னொரு மனு கொடுத்தேன். முதல் மனுவுக்குக் கொடுத்த பதிலைப் பார்க்கவும் என்றார்கள். அப்போதுதான் நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகம், மாணவர் தலைமைத்துவத் திட்டங்களுக்கு நல்கை தருகிறதாம். மாணவர்களே ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, மாணவர்களே தீர்வு சொல்லி விண்ணப்பிக்க வேண்டுமாம். நான் அதை நான்கு முறை படித்தேன். சாயங்காலம் நான்கிலிருந்து ஏழு வரை சாவியை வைத்துக்கொண்டு சுத்தம் செய்ய ஓர் அம்மாவுக்கு ஒரு வருடச் சம்பளம். அவ்வளவுதான் என் திட்டம். அவர்கள் தருவதாகச் சொன்னதில் பாதிகூட வேண்டாம்.

ஆதாரம் வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்தில் இருந்தது. ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, நாற்பத்தொரு வேலை நாள் எழுதினேன். எத்தனை மணிக்கு எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது, எத்தனை பேர் ஓட்டலுக்குப் போனார்கள், எத்தனை பேர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசிப் பக்கத்தில் கிழமைவாரியாகச் சராசரி. திங்கள் முப்பத்தேழு. செவ்வாய் நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமைகளில் கடைசி பீரியட் இல்லாததால் கொஞ்சம் குறையும். சனி, ஞாயிறு கல்லூரி கிடையாது. கட்டத்தைக் காலியாக விட எனக்குப் பிடிக்காது, அதனால் அங்கெல்லாம் பூஜ்யம் போட்டேன். அட்டையில் 'கதவு' என்று மட்டும் எழுதினேன். கல்லூரி பெயரை எங்கேயும் எழுதவில்லை. நான் எந்தக் கதவைச் சொல்கிறேன் என்பது எல்லோருக்கும்தான் தெரியுமே.

இங்கே எந்தக் காகிதமும் நேராகப் போகாது. 'உரிய வழியாக' என்று மேலே எழுதி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து வாங்கித்தான் வெளியே போகும். முதல் மேசை சுப்புலக்ஷ்மி மேடத்துடையது. மாணவர் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர். பச்சை மை பேனாவால் என் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு. வெரி சின்சியர்."

"தேங்க்ஸ் மேம்."

"பயனாளிகள்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல நம்ம காலேஜ் பொண்ணுங்களையே போட்டிருக்கே."

"அவங்கதான் மேம் பயனாளிகள்."

"ரூஹி, லீடர்ஷிப்னா மத்தவங்களுக்குச் செய்யறது. நமக்கு நாமே செஞ்சுக்கறதுக்கு யாராவது கிரான்ட் குடுப்பாங்களா?"

"படிவத்துல அப்படி ஒண்ணும் போடலையே மேம்."

அவர் பேனாவை மூடினார். "சரி, பிராக்டிகலாப் பேசுவோம். பிரின்சிபால் கையெழுத்து இல்லாம இது வெளிய போகாது. எங்க காலேஜ்ல பாத்ரூம் பூட்டிக் கெடக்குன்னு அவங்களே கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு, யுனிவர்சிட்டிக்கு அனுப்புவாங்களா? நீயே சொல்லு."

"உண்மைதானே மேம்?"

"நான் பொய்ன்னா சொன்னேன்? டோன் சரியில்லைங்கறேன். டோனை மட்டும் நான் பாத்துக்கறேன். நோட்டைக் குடுத்துட்டுப் போ. ஆதாரம்னா ஒரிஜினல்தான் வைக்கணும்."

கொடுத்தேன். ஒரு ஜெராக்ஸ்கூட எடுக்காமல் கொடுத்தேன். எத்தனையோ நாவல்களில் யார் யாரோ எதில் எதிலோ நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டு ஏமாந்ததைப் படித்து, 'ஐயோ போடாதே' என்று பக்கத்தைப் பார்த்துக் கத்தியவள் நான். பச்சை மைக்கு முன்னால் நின்றபோது மட்டும் "ஓகே மேம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீடு மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், கால்வாயை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அம்மா, எங்களுக்கு அம்மி, வாசலை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, தி. நகர் கடை ஒன்றிலிருந்து வந்த சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். வெளியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, உங்க வீட்டுல டாய்லெட் இருக்கா?"

மெஷின் நின்றது. "இருக்கும்மா. அவசரமா? உள்ள போ. சுவிட்ச் வெளிய இருக்கு, பாரு."

நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"இல்ல ஆன்ட்டி, நாங்க சர்வேக்கு வந்திருக்கோம்."

"சர்வே எங்கயும் ஓடிடாது. மூஞ்சைப் பாத்தாலே தெரியுது. போய்ட்டு வா மொதல்ல."

செருப்பைக் கழற்றும் சத்தம். ஒரு பெண் வேகமாக என்னைக் கடந்து பின்கட்டுக்கு ஓடினாள். தலையில் வெள்ளைத் தொப்பி. தொப்பியில் எங்கள் கல்லூரி முத்திரை.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். இன்னும் ஐந்து வெள்ளைத் தொப்பிகள். இரண்டு பேர் ஒரு பேனரைப் பிடித்திருந்தார்கள். 'தூய்மைக்குத் தலைமை ஏற்போம்.' கீழே எங்கள் கல்லூரிப் பெயர், பல்கலைக்கழக நல்கையின் பெயர். ஒருத்தி எங்கள் சந்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சாக்கடை மூடி உடைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் குனிந்து, வாகாக எடுத்தாள்.

உள்ளே போனவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஷிஃப்ட் ஒன்னில் படிக்கும் ஸ்ரீரஞ்சனி. பேச்சுப் போட்டிக் கோப்பைகளோடு வருடத்துக்கு நான்கு முறை நோட்டீஸ் போர்டில் இருப்பவள். ஒரு முறை நூலகத்தில் எனக்காக ஒரு புத்தகத்தைப் பிடித்து வைத்திருந்தாள். கெட்டவள் இல்லை.

"ரூஹி? நீ இங்க என்னடி பண்றே?"

"இது என் வீடு. நீ என்ன பண்றே?"

"உன் வீடா!" அவள் அம்மியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுடி. ஆன்ட்டி, உங்காத்து டைல்ஸெல்லாம் ரொம்ப அழகா இருக்கு."

"இவ அப்பா போட்டதும்மா" என்றாள் அம்மி. "ஆழ்வார்பேட்டையில ஃப்ளாட்டு கட்டறவங்க மிச்சம் மீதியைக் குடுப்பாங்க. எல்லாம் ஒண்ணொண்ணு ஒரு டிசைன்."

அப்பா அப்துல் வஹீத் டைல்ஸ் போடுகிறவர். எங்கள் குளியலறையில் ஆறு ஃப்ளாட்டுகளின் மிச்சம் இருக்கிறது. சந்திலேயே அதுதான் நல்ல குளியலறை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நான் ஸ்ரீரஞ்சனியின் கையிலிருந்த அட்டையை வாங்கினேன். அவள் கொடுக்கவில்லை, நான் வாங்கினேன். அச்சடித்த தாள். பகுதி: பின்தங்கிய குடியிருப்பு. குடும்பத் தலைவி: அஃப்சருன்னிசா. டைல்ஸ் பேச்சுக்கு நடுவிலேயே அம்மியிடம் பெயரைக் கேட்டு நீல மையில் அழகாக எழுதியிருந்தாள். அடுத்து, கழிப்பறை வசதி: இல்லை. சுகாதார விழிப்புணர்வு: குறைவு. அந்த இரண்டுக்கும் நேரே டிக் இருந்தது. அடுத்த தாளைப் புரட்டினேன். அதிலும் அதே இடத்தில் அதே டிக். எல்லாத் தாளிலும் ஒரே சாய்வு, ஒரே நீளம். டிக்கைப் பேனாவில் போடவில்லை. ஜெராக்ஸிலேயே வந்திருந்தது.

"இப்பதானடி போயிட்டு வந்தே?"

"மேம் குடுத்த ஷீட்டுடி. என்னைப் பேரை மட்டும் எழுதிண்டு வரச் சொன்னா."

"படிச்சுப் பாத்தியா?"

"ரூஹி, ப்ளீஸ், கத்தாதே. எல்லாரும் பாக்கறா."

நான் கத்தவில்லை. அம்மி ஆறு பேருக்கும் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு பேரும் முழு டம்ளரையும் குடித்தார்கள். ஷிஃப்ட் ஒன் பெண்களுக்குப் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கத் தெரிந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது. அழுகை வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

அவர்கள் போன பிறகு அம்மி கேட்டாள். "நல்ல பொண்ணுங்க. என்ன திட்டமாம்?"

"நம்மளைக் குளிப்பாட்டப் போறாங்களாம்" என்றேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கே சுப்புலக்ஷ்மி மேடத்தின் அறை வாசலில் நின்றேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே உள்ளே கூப்பிட்டார்.

"என் நோட்டைக் குடுங்க மேம்."

"அது ஃபைலோட போயிடுச்சேம்மா. போட்டோஸ் மட்டும்தான் பாக்கி இருந்துது, அதுவும் இன்னிக்குப் போயிடும். ஏன், என்ன ஆச்சு?"

"அது என் ப்ராஜெக்ட்."

"இப்பவும் உன்னுதுதான். உன் பேர் இருக்கு, பாரு." விண்ணப்பத்தின் நகலை என் பக்கம் திருப்பினார். மாணவத் தலைவர்: ஸ்ரீரஞ்சனி. இரண்டு பக்கம் தள்ளி என் பெயர். பயனாளிகள் பிரதிநிதி: ரூஹி, தகப்பனார் பெயர் அப்துல் வஹீத். முகவரி சரியாக இருந்தது. அட்மிஷன் ஃபாரத்திலிருந்து எடுத்திருப்பார்கள்.

எங்கள் சந்து எப்படி அவர்கள் கையில் சிக்கியது என்பது அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் ஏதாவது ஓர் ஏழைக் குடியிருப்பு வேண்டும். எங்கே தேடுவது? மாணவிகளின் முகவரிப் பட்டியலில் தேடியிருக்கிறார்கள்.

"ஏன் மேம், ஷிஃப்ட் டூ பொண்ணு லீடரா இருக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"ரூல் இல்ல. வழக்கம். பேனல் முன்னாடி இங்கிலீஷ்ல பேசணும். அந்தப் பொண்ணு நல்லா பேசும். பார் ரூஹி, கோவப்படாதே. உன் ஐடியாதான் பேஸ். கழிப்பறைதானே உன் சப்ஜெக்ட்? அதையேதான் வெளிய கொண்டுபோய்ச் செய்யறோம்."

"எங்க வீட்டுல கழிப்பறை இருக்கு மேம். இங்கதான் இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கம் இருந்திருந்தால் நான் இதை இப்படி எழுத மாட்டேன். அலுப்புதான் இருந்தது. இன்னும் எத்தனை ஃபைல் இருக்கிறது என்ற அலுப்பு.

"சேங்ஷன் ஆனா தொடக்க விழா வைப்போம். நீ மேடைக்கு வந்து கிட் வாங்கிக்கோ. உனக்கும் சர்டிஃபிகேட் உண்டு. நோட்டையும் அன்னிக்கே தரேன்."

அன்று சாயங்காலம் ஃபோனில் ஹானியிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப கதவு?" என்றாள்.

"அதான் சொல்றேனே, அவங்க எல்லாத்தையும் மாத்தி..."

"அது புரியுது மச்சி. கதவு திறந்துச்சா இல்லையா? எங்க வீட்டுல அடுத்த மாசம் டி.சி. வாங்கப் போறாங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

மூன்று வாரத்தில் நல்கை கிடைத்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் ஸ்ரீரஞ்சனியின் படத்தோடு போட்டார்கள். நல்ல நாள் பார்த்து, வியாழக்கிழமை நாலரை மணிக்குத் தொடக்க விழா. ஷிஃப்ட் ஒன் வீட்டுக்குப் போயிருக்கும் நேரம் என்பதால் அரங்கத்தை நிரப்ப எங்களைத்தான் உட்கார வைத்தார்கள். வராதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது என்று சுற்றறிக்கை. டி.சி. வாங்குவதற்கு முன்னால் கடைசியாக எல்லோரையும் பார்க்கிறேன் என்று ஹானியும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

அரங்கத்துக்குப் போகும் வழியில் முதல் மாடியில் ஒரு வாசனை. எலுமிச்சை வாசனை. கழிப்பறைக் கதவு அகலத் திறந்திருந்தது. தரை மினுங்கியது. புதிய சோப்பு, புதிய துண்டு, மூலையில் ஒரு தொட்டிச் செடி. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'விருந்தினர்களுக்கு மட்டும்.' கபாலி அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டு தாழ்ப்பாளில் வாயைப் பிளந்து தொங்கியது.

"அண்ணே, மணி நாலு தாண்டிடுச்சே. இன்னும் பூட்டலையா?"

"யுனிவர்சிட்டிலேருந்து ஒரு மேடம் வர்றாங்கமா. அவங்க போற வரிக்கும் தொறந்து வைக்க சொல்லிக்கீறாங்க."

"நாங்க போலாமா?"

"ஐயே, இன்னாமா நீ. என் வேலைக்கு வேட்டு வச்சுடாத. பேப்பர் ஒட்டிக்கீது பாரு."

மேடைக்குப் போனேன். குத்துவிளக்கு, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் முறைப்படி நடந்தன. மேடையின் ஓரத்தில் நீல நிற வாளிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மக்கு, ஒரு சோப்பு, ஒரு துண்டுப் பிரசுரம். பயனாளிகள் என்று போட்ட நாற்காலிகளில் முதலாவதில் நான். மற்றவை காலி. எங்கள் சந்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. 'ஒரு வாளிக்காக வேலையை விட்டுட்டு வர முடியுமா?' என்று அம்மி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

ஸ்ரீரஞ்சனி மைக்கைப் பிடித்தாள். திரையில் ஒரு வரைபடம் வந்தது.

"இந்தக் குடியிருப்பில் எங்கள் குழு நாற்பத்தொரு நாட்கள் ஆய்வு நடத்தியது. கழிப்பறை வசதி இல்லாமல் தவிக்கும் பெண்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். திங்கள் முப்பத்தேழு. செவ்வாய் நாற்பத்தொன்று."

என் எண்கள். என் நோட்டிலிருந்து அப்படியே.

"புதன் முப்பத்தொன்பது. வியாழன் நாற்பது. வெள்ளி இருபத்தெட்டு. சனி, ஞாயிறு பூஜ்யம்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். எழுதிக் கொடுத்ததைத் தொடர்ந்து படித்தாள். "இந்தத் தவிப்பு குறிப்பாக மாலை நான்கு மணி முதல் ஆறரை மணி வரை காணப்படுகிறது."

அரங்கத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு நாலைந்து பேர். பிறகு வரிசை வரிசையாகப் புரிந்துகொண்டே போனார்கள். எங்கள் சந்துப் பெண்கள் சனி, ஞாயிறுகளில் ஒதுங்குவதே கிடையாது. காலையில் கிடையாது, இரவில் கிடையாது. நான்கு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார்கள். இதை ஒருங்கிணைப்பாளர் படித்திருக்கிறார். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு பேனலே உட்கார்ந்து பாராட்டி, பணம் ஒதுக்கியிருக்கிறது. அந்த வழி நெடுக இருந்த அத்தனை மேசையிலும் ஒருவருக்குக்கூட, ஞாயிற்றுக்கிழமை ஏன் பூஜ்யம் என்று கேட்கத் தோன்றவில்லை. சந்தில் இருப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் இருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். விருந்தினர் மேடம் அன்பாகச் சிரித்துக்கொண்டே வாளியை நீட்டினார். படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

"ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றார் மேடம்.

மைக் முன்னால் நின்றேன். நாற்பத்தொரு நாள் நான் எழுதியதை எல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"அந்தக் கணக்கு எங்க தெருவுது இல்ல மேம். எங்க தெருவுல எல்லா நாளும் போவோம். அது இந்தக் காலேஜுது. நான் எழுதினது. நாலு மணிக்குப் பூட்டிடுவாங்க. இன்னிக்கு உங்களுக்காகத் திறந்து வச்சிருக்காங்க." மூச்சு வாங்கியது. "எனக்கு இப்ப அவசரம். போயிட்டு வரேன்."

வாளியோடு படியிறங்கினேன். சுப்புலக்ஷ்மி மேடம் "ரூஹி!" என்றார், மைக்கில் விழாத குரலில். பிரின்சிபால் முன்வரிசையில் தலையைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் ஹானி எழுந்தாள். அவள் பையை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அப்புறம் நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம் நிற்கவே இல்லை.

கபாலி அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து கையை விரித்து மறித்தார். எனக்குப் பின்னால் வருவதைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

"இன்னாமா இது, திருவிழாவாட்டம்?"

"நீங்க உட்காருங்கண்ணே. நீங்க தடுத்தீங்கன்னு நாங்களே எழுதிக் குடுக்கறோம்."

தாளைக் கிழித்தேன். தாழ்ப்பாளில் தொங்கிய பூட்டைக் கழற்றி வாளிக்குள் போட்டேன். சோப்பின் மேல் விழுந்து சத்தமே இல்லாமல் கிடந்தது.

வரிசை மாடிப் படி வரைக்கும் நீண்டு, வளைந்து, கீழே நோட்டீஸ் போர்டு வரை போனது. யாரும் கோஷம் போடவில்லை. கதவு திறந்திருக்கிறது, எங்களுக்கு அவசரம், நிற்கிறோம். அரங்கத்தில் யாரோ நன்றியுரை படித்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து விருந்தினர் மேடமே வந்துவிட்டார். பின்னால் சுப்புலக்ஷ்மி மேடம்.

"வழி விடுங்கம்மா, சீஃப் கெஸ்ட் வராங்க."

யாரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "மேம், வரிசை கீழ நோட்டீஸ் போர்டுகிட்ட முடியுது" என்றது. சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

விருந்தினர் மேடம் என்னைப் பார்த்தார், என் வாளியைப் பார்த்தார், கிழிந்து கிடந்த தாளைப் பார்த்தார். திரும்பிப் படியிறங்கினார். வரிசையில் போய் நின்றாரா, காருக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ஸ்ரீரஞ்சனி வரவில்லை. கடைசி வரை மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். மறுநாள், 'எனக்கு நிஜமாவே தெரியாதுடி, கணக்கு உன்னோடதுன்னு' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஞாயிறு பூஜ்யம் என்று படிக்கும்போது ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

என் அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். மன்னிப்புக் கடிதம் எழுதி, உரிய வழியாகச் சமர்ப்பித்தால் பரிசீலிக்கப்படும் என்று கடிதத்தில் இருக்கிறது. நான் எழுதவில்லை. நோட்டும் இன்னும் வரவில்லை. நல்கையும் திரும்பிப் போகவில்லை. திட்டம் 'திருத்தங்களுடன் தொடரும்' என்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஆகாது, எனக்குத்தான் ஆகும் என்று தெரிகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் காது மடல் சுடுகிறது.

ஆனால் கதவு திறந்திருக்கிறது. யாரும் மனம் மாறிவிடவில்லை. பூட்டு இல்லை, அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே கபாலி அண்ணன் புதுப் பூட்டுக் கேட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். புதுப் பூட்டு வாங்க மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, கமிட்டியில் வைத்து, பிரின்சிபால் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை ஒரு கொட்டேஷன்தான் வந்திருக்கிறதாம். பதின்மூன்று நாளாகிறது. சாயங்காலம் எங்களில் இரண்டிரண்டு பேர் முறை வைத்துக் கழுவுகிறோம், அந்த நீல வாளியில்தான்.

பழைய பூட்டு என் பையில் இருக்கிறது. நாவலுக்குப் பக்கத்தில், புத்தகத்தைவிடக் கனமாக.

நேற்று ஹானி வகுப்புக்கு வந்தாள். டி.சி. வாங்குவதை வீட்டில் ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்களாம். மணி நாலே கால். அவள் பாட்டிலைத் திறந்தாள், வழக்கம்போல நாக்கில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூணு கொட்டேஷன் வர எவ்ளோ நாளாகும்?"

"தெரியல. நீ குடி."

அவள் அண்ணாந்து, மூச்சு விடாமல், பாட்டில் காலியாகும் வரை குடித்தாள்.